ரோனி ஸ்பெக்டர்: அந்தக் குரல் யாருக்குச் சொந்தம்?

ரோனெட்ஸ் என்ற அமெரிக்கப் பெண்கள் பாட்டுக் குழுவுக்கு 60-களில் அமெரிக்கப் பாட்டுத் தரவரிசையில் டாப் 10-க்குள் வந்தது 'பி மை பேபி' என்ற ஒரே ஒரு பாட்டு, அதையும் உருவாக்கியது ஃபில் ஸ்பெக்டர் என்ற தயாரிப்பாளர், அப்படியிருக்க முன்னணிப் பாடகி ரோனி ஸ்பெக்டரை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள், அவர் வாழ்க்கையில் உண்மையில் என்னதான் நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள். பல வருடமாக இந்தப் பாட்டுகளோடு வாழ்கிறவன் என்பதால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

கேள்வியில் இருக்கும் தகவல்கள் சரி. அதிலிருந்து நீங்கள் எடுத்த முடிவைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஃபில் ஸ்பெக்டர் பெரிய தயாரிப்பாளர், அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதே ஸ்டுடியோவில், அதே வாத்தியக்காரர்களை வைத்து, வேறு பல பாடகர்களுக்கும் அவர் பாட்டு செய்திருக்கிறார். அவற்றில் அருமையான பாட்டுகள் நிறைய உண்டு. இருந்தும் 'பி மை பேபி'யில் டிரம்ஸ் தொடங்கி, குரல் உள்ளே நுழையும் நொடியில் உடம்பு சிலிர்க்கிறதே, அது அந்தப் பெண்ணின் தொண்டையிலிருந்து வந்தது. அந்தத் தொண்டை யாருக்குச் சொந்தம் என்பதில்தான் ரோனியின் வாழ்க்கையில் பாதி போயிற்று. வீட்டுக்குள் அந்தச் சண்டை நடந்தது, அப்புறம் கோர்ட்டிலும் நடந்தது.

1943 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் பிறந்தார். சொந்தப் பெயர் வெரோனிக்கா பென்னட். அம்மா பியாட்ரிஸ் கறுப்பினத்தவர், செரோக்கி பழங்குடி வழியும் உண்டு. அப்பா லூயி ஐரிஷ் வம்சத்து வெள்ளையர். ஸ்பானிஷ் ஹார்லெம் பகுதியில் வளர்ந்த வெரோனிக்காவுக்கு, கறுப்புப் பிள்ளைகளோடும் முழுசாக ஒட்ட முடியாது, வெள்ளைப் பிள்ளைகளோடும் ஒட்ட முடியாது. ஒட்டிய இடம் பாட்டி வீடு. அம்மாவோடு கூடப் பிறந்தவர்கள் ஏராளம், வார இறுதியானால் எல்லோரும் பாட்டி வீட்டில் கூடுவார்கள், குழந்தைகள் நடு அறையில் நின்று பாடுவார்கள், பெரியவர்கள் கைதட்டுவார்கள். அக்கா எஸ்டெல், சித்தி மகள் நெட்ரா டாலி, இவர்கள் இரண்டு பேரோடு சேர்ந்து பாட ஆரம்பித்தது அங்கேதான். பின்னால் வந்த ரோனெட்ஸ் என்ற பெயரே ரோனி, எஸ்டெல், நெட்ரா என்ற மூன்று பெயரையும் கலந்து எடுத்ததுதான்.

அவருக்குக் கடவுள் மாதிரி இருந்தவர் ஃபிராங்கி லைமன். 1956-ல் பதின்மூன்று வயதில் 'ஒய் டூ ஃபூல்ஸ் ஃபால் இன் லவ்' பாடி நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த ஹார்லெம் பையன். வானொலிப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவன் ஒவ்வொரு சொல்லையும் எப்படி உச்சரிக்கிறான் என்று கேட்டுக் கேட்டுப் பழகியிருக்கிறார் ரோனி. அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டு ரோனியைக் கேட்டால் உறவு புரியும். இரண்டு குரலிலும் ஒரு தெருப் பிள்ளையின் துடுக்கு இருக்கும், அதோடு எந்த நேரமும் உடைந்துவிடுமோ என்ற நடுக்கமும் இருக்கும்.

ஹார்லெமில் அப்பல்லோ தியேட்டர் இருக்கிறது. அங்கே புதியவர்கள் பாடும் இரவு நடக்கும், பிடிக்கவில்லை என்றால் கூட்டம் கத்தியே விரட்டிவிடும். சின்ன வயதில் குடும்பப் பிள்ளைகள் எல்லோரும் அங்கே மேடையேறினார்கள். முன்னால் நின்று பாட வேண்டியவன் உறவுக்காரப் பையன் ஒருவன். இசை தொடங்கியது, அவன் பயத்தில் வாயே திறக்கவில்லை. ரோனி மைக்கைப் பிடித்துத் தானே பாடினார். ஹார்லெம் கூட்டம் கைதட்டியது. தன்னால் முடியும் என்று உறுதியானது அன்றைக்குத்தான் என்று அவரே எழுதியிருக்கிறார்.

1961-ல் நியூயார்க்கில் ட்விஸ்ட் நடனம் தலைக்கேறியிருந்த நேரம். பெப்பர்மிண்ட் லவுஞ்ச் என்ற கிளப் வாசலில் இந்த மூன்று பெண்களும் வரிசையில் நிற்கிறார்கள். உள்ளே விடும் வயது இன்னும் ஆகவில்லை, அதனால் வயது கூடத் தெரிய வேண்டும் என்று ஒரே மாதிரி உடை, உயரத் தூக்கிக் கட்டிய கொண்டை, திகட்டத் திகட்ட மை. கிளப் ஆள் இவர்களைப் பார்த்துவிட்டு, அன்றைக்கு வர வேண்டிய நடனக் குழு இதுதான் என்று நினைத்து உள்ளே அழைத்துப் போய்விட்டான். இவர்களும் மறுக்கவில்லை. ஆடினார்கள், ரோனி பாடவும் பாடினார், அன்றே வேலை கிடைத்தது. அதே வருடம் கோல்பிக்ஸ் என்ற கம்பெனியில் சில பாட்டுகள் பதிவு செய்தார்கள், ஒன்றும் ஓடவில்லை. ஆனால் மர்ரே தி கே என்ற வானொலி அறிவிப்பாளர் புரூக்ளின் ஃபாக்ஸ் தியேட்டரில் நடத்திய கச்சேரிகளில் ஆடிப் பாடிப் பெயர் பரவியது.

அந்தத் தோற்றத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அன்றைய பெண்கள் குழுக்கள் பெரும்பாலும் பள்ளி விழாவுக்குப் போகிற பெண்கள் மாதிரி, விரிந்த பாவாடையும் கையுறையுமாக வருவார்கள். ரோனெட்ஸ் தங்கள் தெருவில் பார்த்ததை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். இறுக்கமான, பக்கவாட்டில் பிளவு வைத்த பாவாடை, கண்ணோரம் வால் நீட்டிய மை, ஒரு முழம் உயரக் கொண்டை. எந்தக் கம்பெனி ஆலோசகரும் சொல்லிக் கொடுத்ததில்லை. எஸ்டெல்லுக்கு ஆடை அலங்காரத்தில் நல்ல படிப்பும் கண்ணும் உண்டு, மூன்று பேருமாகச் சேர்ந்து தாங்களே செய்துகொண்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஃபில் ஸ்பெக்டர் வரும் முன்பே ரோனெட்ஸ் ஒரு முழுமையான குழு. தோற்றம் இருந்தது, ஆட்டம் இருந்தது, குரல் இருந்தது, ரசிகர்கள் இருந்தார்கள். பதிவான ஒரு நல்ல பாட்டு மட்டும்தான் இல்லை.

1963 தொடக்கத்தில் எஸ்டெல் துணிந்து ஸ்பெக்டரின் அலுவலகத்துக்கே போன் போட்டார். வரச் சொன்னார்கள். ஸ்பெக்டர் பியானோ முன்னால் உட்கார்ந்திருக்க, ரோனி தன் ஃபிராங்கி லைமன் பாட்டை எடுத்தார். இரண்டு வரி போகும் முன் ஸ்பெக்டர் துள்ளி எழுந்துவிட்டாராம், தேடிக்கொண்டிருந்த குரல் இதுதான் என்று. அவருக்கு ரோனி மட்டும் போதும். ரோனியின் அம்மாதான், எடுத்தால் மூன்று பேரையும் எடுங்கள், இல்லாவிட்டால் கிளம்புகிறோம் என்று பிடிவாதமாக நின்றார். மூன்று பேரோடும் ஒப்பந்தம் ஆனது. அந்த ஒப்பந்தக் காகிதத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாற்பது வருடம் கழித்து அது மறுபடி வரும்.

இனி 'பி மை பேபி'. ஜெஃப் பேரியும் எல்லி கிரீன்விச்சும் ஸ்பெக்டரோடு சேர்ந்து எழுதியது. 1963 ஜூலையில் லாஸ் ஏஞ்சல்ஸ் கோல்டு ஸ்டார் ஸ்டுடியோவில் பதிவு. ஸ்பெக்டர் செய்ததை இசைக்காரர்கள் 'ஒலிச் சுவர்' என்பார்கள். அது என்னவென்றால், ஒரு கிட்டார் போதும் என்கிற இடத்தில் மூன்று நான்கு கிட்டார், ஒரு பியானோவுக்குப் பதில் இரண்டு மூன்று, எல்லோரும் ஒரே அறையில் ஒரே நேரத்தில் ஒரே சுரத்தை வாசிக்க வேண்டும். அறை சின்னது, ஆள் அதிகம், அதனால் ஒரு வாத்தியத்தின் ஒலி இன்னொன்றின் மைக்கில் வழியும். அப்படி வழிந்த ஒலியை, சிமெண்ட் பூசிய எதிரொலி அறைக்கு அனுப்பித் திரும்பப் பிடிப்பார்கள். கடைசியில் எது கிட்டார், எது பியானோ என்று பிரிக்க முடியாத ஒரே பெரிய அலையாக வரும். எல்லாம் மோனோவில், அதாவது இடம் வலம் என்று பிரிக்காத ஒற்றை ஒலியில். தொடக்கத்தில் வரும் அந்த டிரம்ஸ் ஹால் பிளெய்ன் வாசித்தது, அதைக் காப்பி அடித்த பாட்டுகளை எண்ணி முடியாது. பின்னால் கோரஸ் பாடியவர்களில், பிற்காலத்தில் பெரிய பாடகியான ஷேர் (Cher) என்பவரும் ஒருவர், அப்போது அவர் யாருக்கும் தெரியாத சின்னப் பெண்.

இவ்வளவு பெரிய அலைக்கு முன்னால் ஒரு குரலை வைத்தால் பொதுவாக என்ன ஆகும்? மூழ்கிவிடும், அல்லது கத்த வேண்டியிருக்கும். ரோனி இரண்டும் செய்யவில்லை. அவர் குரலில் இயல்பாகவே ஒரு அகலமான அதிர்வு உண்டு, நீட்டிப் பிடிக்கும் சுரம் அலை அலையாக நடுங்கும். அந்த நடுக்கம் வாத்தியக் கூட்டத்தை அறுத்துக்கொண்டு தனியாகக் கேட்கிறது. அப்புறம் அந்த 'வோ ஓ ஓ ஓ'. அர்த்தமே இல்லாத அந்த இழுப்பில் ஆசையும் இருக்கிறது, இந்தப் பையன் நம்மிடம் வந்தே தீருவான் என்ற தைரியமும் இருக்கிறது, வராவிட்டால் என்ன செய்வது என்ற பயமும் இருக்கிறது. ஸ்டுடியோவின் பெண்கள் கழிப்பறையில் எதிரொலி நன்றாக இருந்ததால், அங்கே தனியாக நின்று அந்த இழுப்புகளையெல்லாம் பாடிப் பழகியதாக ரோனி சொல்லியிருக்கிறார். அதாவது, அந்தப் பாட்டின் உயிரான இடத்தை அவர் தயாரிப்பாளர் இல்லாத அறையில் உருவாக்கினார். எனக்கு இந்த ஒரு தகவல் போதும், அந்தப் பாட்டில் யாருக்கு எவ்வளவு பங்கு என்று முடிவு செய்ய.

ஒரு வருத்தமான விஷயமும் இங்கேயே தொடங்குகிறது. அந்தப் பதிவில் எஸ்டெல்லும் நெட்ராவும் இல்லை. மேடையில் மூவர், இசைத்தட்டு உறையில் மூவர், ஒலிநாடாவில் ரோனியும் ஸ்பெக்டர் ஏற்பாடு செய்த கோரஸும். அடுத்த வருடம் வந்த அவர்கள் ஆல்பத்தின் தலைப்பிலேயே, வெரோனிக்கா சிறப்பாகப் பங்கேற்கும் ரோனெட்ஸ் என்று ஒருவரைத் தனியாகப் பிரித்துப் போட்டிருந்தார்கள். குடும்பமாகப் பாடத் தொடங்கிய மூன்று பேருக்கு நடுவில் விழுந்த முதல் கோடு அது.

பாட்டு அமெரிக்காவில் 2-ஆம் இடம், பிரிட்டனில் 4-ஆம் இடம். பீச் பாய்ஸ் குழுவின் பிரையன் வில்சன் கார் ஓட்டிக்கொண்டு போகும்போது வானொலியில் இதைக் கேட்டு, வண்டியை ஓரம் கட்டிவிட்டு முழுசாகக் கேட்டாராம், அதன்பின் வாழ்நாள் முழுக்க அதையே திரும்பத் திரும்பக் கேட்டவர் அவர். இதற்கு ஒரு பதில் பாட்டாக, ரோனி பாட வேண்டும் என்று மனதில் வைத்து 'டோன்ட் வொரி பேபி' எழுதினார். ஸ்பெக்டர் அது வேண்டாம் என்றுவிட்டார், பீச் பாய்ஸே பாடினார்கள்.

1964 ஜனவரியில் ரோனெட்ஸ் பிரிட்டன் போனார்கள். அந்தச் சுற்றுப்பயணத்தில் அவர்களுக்கு முன்னால் பாடி மேடையைச் சூடேற்றிய குழு எது தெரியுமா? ரோலிங் ஸ்டோன்ஸ். பீட்டில்ஸ் பையன்களோடும் அப்போதே நட்பானது. பிப்ரவரியில் பீட்டில்ஸ் முதல்முறை நியூயார்க் வந்து, ரசிகர் கூட்டத்தால் ஓட்டல் அறையை விட்டு வெளியே தலைகாட்ட முடியாமல் இருந்தபோது, ரோனிதான் அவர்களை ஹார்லெமுக்குக் கூட்டிப்போய் ஒரு சுட்ட இறைச்சிக் கடையில் சாப்பிட வைத்தார். அங்கே யாருக்கும் அவர்களைத் தெரியவில்லை, அந்த நிம்மதியில் சாப்பிட்டார்களாம். இருபது வயதுப் பெண்ணுக்கு உலகம் கையில் இருந்த காலம் அது.

அப்படியானால் ஏன் அடுத்த பெரிய வெற்றி வரவில்லை? 'பேபி ஐ லவ் யூ', 'வாக்கிங் இன் தி ரெயின்' போன்றவை வந்தன, இரண்டும் முதல் 25 இடங்களுக்குள் வந்தன, இரண்டுமே அற்புதமானவை. இடி ஒலியோடு தொடங்கும் 'வாக்கிங் இன் தி ரெயின்' பாட்டை ஒரே மூச்சில், ஒரே முறையில் பாடி முடித்ததாக ரோனி சொல்வார். ஆனால் ஸ்பெக்டர் பல பாட்டுகளைப் பதிவு செய்துவிட்டு வெளியிடாமல் பூட்டி வைத்தார். 'சேப்பல் ஆஃப் லவ்' என்ற பாட்டை ரோனெட்ஸ் பாடினார்கள், அவர் வெளியிடவில்லை. 1964-ல் டிக்ஸி கப்ஸ் என்ற குழு அதைப் பாடி முதலிடம் பிடித்தது. 1965-ல் பதிவான 'ஐ விஷ் ஐ நெவர் சா தி சன்ஷைன்' பெட்டிக்குள்ளேயே கிடந்து 1976-ல்தான் வெளியே வந்தது. 1966-ல் ஜெஃப் பேரி தயாரித்த 'ஐ கேன் ஹியர் மியூசிக்' 100-ஆம் இடத்தைத் தொட்டுவிட்டு மறைந்தது, அதே பாட்டைப் பிறகு பீச் பாய்ஸ் எடுத்து வெற்றியாக்கினார்கள். தரம் குறைந்ததால் சரிந்த குழு இல்லை இது. ரோனியின் மேல் ஸ்பெக்டருக்குக் காதல் வந்திருந்தது, அவர் இன்னும் பெரிய நட்சத்திரமானால் கைவிட்டுப் போய்விடுவார் என்ற பயமும் வந்திருந்தது என்பதுதான் ரோனியின் விளக்கம், நடந்ததை வரிசையாக வைத்துப் பார்த்தால் எனக்கும் அதுதான் பொருந்துகிறது. 1966 ஆகஸ்டில் பீட்டில்ஸின் கடைசி அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் ரோனெட்ஸ் பாடினார்கள். ரோனி மட்டும் போகவில்லை, ஸ்பெக்டர் விடவில்லை. அவர் இடத்தில் இன்னொரு உறவுக்காரப் பெண்ணை நிறுத்தினார்கள். 1967 தொடக்கத்தில் குழு கலைந்தது.

1968 ஏப்ரலில் திருமணம். அன்றிலிருந்து வெரோனிக்கா பென்னட், ரோனி ஸ்பெக்டர். அடுத்த நான்கு வருடத்தைப் பற்றி 1990-ல் வந்த தன் சுயசரிதையில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார், படிக்கவே கஷ்டமாக இருக்கும். பெவர்லி ஹில்ஸில் பெரிய மாளிகை, சுற்றிலும் முள்கம்பி, காவல் நாய்கள். அவர் வெளியே ஓடிவிடாமல் இருக்கக் காலணிகளைப் பறித்து வைத்தார்கள். தனியாக காரில் போக நேர்ந்தால் பக்கத்து இருக்கையில் ஸ்பெக்டர் உருவத்தில் காற்றடைத்த பொம்மை ஒன்று உட்கார்ந்திருக்க வேண்டும். கண்ணாடி மூடி போட்ட சவப்பெட்டி ஒன்றை வீட்டின் கீழ்த்தளத்தில் வைத்து, என்னை விட்டுப் போனால் உன்னைக் கொன்று இதில் போட்டு வைப்பேன் என்று மிரட்டியிருக்கிறார். ஒரு பையனைத் தத்தெடுத்தார்கள். பிறகு ரோனியிடம் கேட்காமலேயே, கிறிஸ்துமஸ் பரிசு என்று இரட்டைக் குழந்தைகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்.

எல்லாவற்றையும் விடக் கொடுமையாக எனக்குப் படுவது, அவரைப் பாட விடாததுதான். இடையில் ஒரே ஒரு முறை, 1971-ல், பீட்டில்ஸின் ஆப்பிள் கம்பெனிக்காக ஜார்ஜ் ஹாரிசன் எழுதிய 'ட்ரை சம், பை சம்' பாட்டைப் பாட வைத்தார், அது பெரிதாகப் போகவில்லை, மறுபடி மாளிகைக்குள் அடைப்பு. ரோனி குடிக்க ஆரம்பித்தார். குடியை விடுவதற்கான கூட்டங்களுக்குப் போவதுதான் வெளியே போக இருந்த ஒரே சாக்கு என்று எழுதுகிறார்.

1972 ஜூனில் அம்மா வந்தார். சில வருடங்களுக்கு முன் மூவரையும் எடுத்தால்தான் ஆச்சு என்று நின்ற அதே அம்மா. மகளின் நிலையைப் பார்த்துவிட்டு, இங்கேயே இருந்தால் நீ செத்துப்போவாய் என்று புரிந்துகொண்டு கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்தார். ரோனி வெறுங்காலோடு நடந்தார். செருப்பு இல்லை.

1974-ல் விவாகரத்து முடிந்தது. அதில் ரோனிக்குக் கிடைத்தது 25,000 டாலர், ஒரு பழைய கார், ஐந்து வருடத்துக்கு மாதம் 2,500 டாலர் ஜீவனாம்சம். பாட்டுகளிலிருந்து இனி வரும் வருமானத்தைக் கேட்கமாட்டேன் என்ற விதத்தில் எழுதப்பட்ட காகிதத்தில் கையெழுத்தும் போட்டார். கையெழுத்துப் போடாவிட்டால் ஆள் வைத்துக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டியதால்தான் போட்டேன் என்றார் பிறகு.

சரி, திரும்பி வந்த பாடகிக்கு என்ன இருந்தது? காலம் மாறியிருந்தது, பெண்கள் குழு என்பதே பழைய சரக்கு. ஆனால் அவர் குரலைக் கேட்டு வளர்ந்த ஒரு தலைமுறை அப்போது இசைக்காரர்களாக ஆகியிருந்தது. பாடகர் பில்லி ஜோயல் ரோனியின் குரலை மனதில் வைத்து எழுதிய 'சே குட்பை டு ஹாலிவுட்' பாட்டை, 1977-ல் ரோனியே பாடினார். பின்னால் வாசித்தது ராக் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனின் இ ஸ்ட்ரீட் பேண்ட், தயாரித்தது ஸ்டீவன் வான் சாண்ட். ஸ்பிரிங்ஸ்டீன் தன் மேனேஜரோடு ஒப்பந்த வழக்கில் மாட்டி, பதிவே செய்ய முடியாமல் இருந்ததால் பேண்டுக்கு அப்போது வேலை இல்லை. ஒப்பந்தத்தால் முடங்கியவரின் குழு, ஒப்பந்தத்தால் முடக்கப்பட்டவருக்காக வாசித்தது. தலைப்பையும் பாருங்கள், ஹாலிவுட்டுக்கு விடைகொடுப்பது. அதைப் பாட அவரைவிடத் தகுதி யாருக்கு? விற்பனை பெரிதாக இல்லை, ஆனால் மறுபடி மைக் முன்னால் நிற்க முடியும் என்று ஆனது. 1982-ல் தன் மேனேஜர் ஜோனதன் கிரீன்ஃபீல்டைத் திருமணம் செய்து, கனெக்டிகட் மாநிலத்தில் குடியேறினார், இரண்டு மகன்கள் பிறந்தார்கள். நாற்பது ஆண்டு நீடித்த நல்ல திருமணம் அது.

1986-ல் எட்டி மணி என்ற ராக் பாடகர் 'டேக் மீ ஹோம் டுநைட்' என்ற பாட்டில் ரோனியின் பெயரையே வரியாக வைத்து, அங்கே அவரே வந்து 'பி மை பேபி' வரியைப் பாட வேண்டும் என்று விரும்பினார். போன் போட்டபோது பின்னணியில் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது என்று எட்டி மணி சொல்லுவார். தொழிலை ஏறக்குறைய விட்டுவிட்ட நிலையில் இருந்தவர் வந்து பாடினார். பாட்டு 4-ஆம் இடம் வரை போனது. எம்.டி.வி. என்ற இசைத் தொலைக்காட்சி பார்க்கும் பிள்ளைகளுக்கு, இந்தக் குரல் யார் என்ற கேள்வி முதல்முறையாக வந்தது. அடுத்த வருடமே 'டர்ட்டி டான்சிங்' படம் 'பி மை பேபி'யோடு தொடங்கியது, படத்தின் பாட்டுத் தொகுப்பு கோடிக்கணக்கில் விற்றது.

அதில் ரோனிக்கு எவ்வளவு வந்தது? இங்கேதான் அந்த 1963 ஒப்பந்தம் திரும்பி வருகிறது. அந்த ஒப்பந்தத்துக்காக மூன்று பேருக்கும் சேர்த்து 15,000 டாலருக்குச் சற்றுக் குறைவாக ஒரு முன்பணம் கொடுத்திருந்தார்கள். அவ்வளவுதான். அதன்பின் ராயல்டி, அதாவது விற்பனையில் பாடகிகளுக்குச் சேர வேண்டிய பங்கு, என்று ஒரு பைசா வரவில்லை. 80-களின் கடைசியில் மூவரும் சேர்ந்து நியூயார்க்கில் வழக்குப் போட்டார்கள். பத்து வருடத்துக்கு மேல் இழுத்து, கீழ்க்கோர்ட் வட்டியோடு சேர்த்து ஏறக்குறைய 30 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னது. ஸ்பெக்டர் மேல்முறையீடு செய்தார். 2002 அக்டோபரில் மாநிலத்தின் உச்சபட்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றியது.

அந்தத் தீர்ப்பைப் பலரும், ரோனெட்ஸ் தோற்றார்கள் என்று ஒரு வரியில் சொல்லிவிடுகிறார்கள், அது பாதிதான் சரி. நீதிமன்றம் சொன்னது இது: ஒப்பந்தத்தில் பதிவுகளின் முழு உரிமையும் தயாரிப்பாளருக்கு என்று எழுதியிருக்கிறது. சினிமாவிலும் விளம்பரத்திலும் சேர்த்துக்கொள்ள உரிமம் கொடுப்பது பற்றி எதுவும் எழுதவில்லை. எழுதாமல் விட்டதால் உரிமை பாடகிகளுக்கு வந்துவிடாது, உரிமையாளரிடமே இருக்கும். ஆகவே படங்கள் வழியாக வந்த பணத்தில் பங்கு கிடையாது. ஆனால் இசைத்தட்டு விற்பனைக்கான ராயல்டி ஒப்பந்தத்திலேயே இருக்கிறது, அதைக் கொடுத்தாக வேண்டும், தொகையைத் திரும்பக் கணக்குப் போடுங்கள் என்றது. ரோனிக்குத் தனியாக இன்னொரு வெற்றியும் கிடைத்தது. விவாகரத்தின்போது எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டாரே, அந்தக் காகிதம் குழுவின் ராயல்டியில் அவருடைய பங்கைப் பறிக்காது என்று தீர்ப்பில் சொன்னார்கள். ஒப்பந்தச் சட்டம் படிக்கும் மாணவர்கள் இன்றும் படிக்கும் வழக்கு இது. 1963-ல் கையெழுத்துப் போட்டபோது வீட்டில் உட்கார்ந்து படம் பார்க்கும் கேசட்டே கிடையாது. வராத தொழில்நுட்பத்துக்கு எல்லாம் சேர்த்து, பதின்ம வயதைத் தாண்டியும் தாண்டாமலும் இருந்த மூன்று பெண்கள் எப்படிப் பேரம் பேசியிருப்பார்கள்? சட்டப்படி தீர்ப்பு சரியாக இருக்கலாம். எனக்கு மனது ஆறவில்லை.

2007 மார்ச்சில், பெரிய ராக் இசைக்காரர்களைக் கௌரவிக்கும் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் ரோனெட்ஸ் சேர்க்கப்பட்டார்கள். பல வருடம் தள்ளிப்போன கௌரவம், ஸ்பெக்டர் தடுத்துக்கொண்டிருந்ததாக ரோனி தரப்பில் சொல்லப்பட்டது. மேடையில் அறிமுகம் செய்தவர், 1964-ல் அவர்களுக்கு முன்னால் வாசித்த அதே ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கிட்டார்காரர் கீத் ரிச்சர்ட்ஸ். அந்த விழாவில் எஸ்டெல்லும் வந்திருந்தார். குழு கலைந்த பிறகு மனநோயாலும் சாப்பிட முடியாத நோயாலும் சிதைந்து, சில காலம் நியூயார்க் தெருக்களில் வீடில்லாமலும் இருந்தவர். பாட முடியவில்லை, ஓரிரு வரி நன்றி மட்டும் சொன்னார். 2009-ல் இறந்துபோனார். ரோனியின் கதையைச் சொல்லும் எல்லோரும் ஸ்பெக்டரைப் பற்றி நிறையப் பேசுகிறார்கள், எஸ்டெல்லைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முதல் போனைப் போட்டவர் அவர் என்பதை மறந்துவிடக் கூடாது.

ஃபில் ஸ்பெக்டர் 2003 பிப்ரவரியில் தன் வீட்டில் லானா கிளார்க்சன் என்ற நடிகையைச் சுட்டுக் கொன்றார், 2009-ல் குற்றவாளி என்று தீர்ப்பானது, 2021 ஜனவரியில் கைதியாகவே இறந்தார். அப்போது ரோனி விட்ட அறிக்கையில், பிரமாதமான தயாரிப்பாளர், மோசமான கணவர் என்று இரண்டையும் சேர்த்தே சொன்னார். பழைய மாளிகைக் கதைகளை நம்பாமல் இருந்தவர்களும் 2003-க்குப் பிறகு நம்பினார்கள். ஒரு பெண் 1990-லேயே புத்தகமாக எழுதி வைத்ததை நம்புவதற்கு இன்னொரு பெண்ணின் உயிர் போக வேண்டியிருந்தது.

ஏன் அந்த ஆளின் பெயரைக் கடைசி வரை வைத்திருந்தார் என்று சிலர் கேட்பார்கள். ரோனி ஸ்பெக்டர் என்ற பெயரில்தான் அவரைக் கூப்பிட்டார்கள், அந்தப் பெயரில்தான் கச்சேரிக்கு டிக்கெட் விற்றது. பாட்டின் வருமானம் போனது, பதிவின் உரிமை போனது, பெயரையும் ஏன் விட வேண்டும்?

கடைசி இருபது வருடம் நன்றாகவே இருந்தது. ஒவ்வொரு டிசம்பரிலும் கிறிஸ்துமஸ் கச்சேரி. 1963-ல் ஸ்பெக்டர் தயாரித்த கிறிஸ்துமஸ் ஆல்பம், கென்னடி சுடப்பட்ட அதே நவம்பர் 22 அன்று வெளிவந்து அப்போது எடுபடாமல் போனது. பின்னால் அதுதான் அமெரிக்க வீடுகளின் நிரந்தரக் கிறிஸ்துமஸ் இசையானது, ரோனெட்ஸ் பாடிய 'ஸ்லே ரைட்' ஸ்ட்ரீமிங் காலத்தில் டாப் 10-க்குள்ளேயே வந்துவிட்டது. பிரிட்டிஷ் பாடகி ஆமி வைன்ஹவுஸ் அந்தக் கொண்டையையும் கண் மையையும் அப்படியே எடுத்துக்கொண்டு வந்தபோது, பத்திரிகையில் படத்தைப் பார்த்த ரோனி ஒரு கணம் அது தான்தான் என்று நினைத்தாராம். அந்தப் பெண் 2011-ல் இறந்தபின் 'பேக் டு பிளாக்' பாட்டைத் தன் குரலில் பாடி வெளியிட்டார், அதன் வருமானத்தைப் போதை மறுவாழ்வு மையத்துக்குக் கொடுத்தார். 2022 ஜனவரி 12 அன்று புற்றுநோயால் ரோனி இறந்தார், வயது 78.

கேட்கத் தொடங்குவதென்றால் 'பி மை பேபி'யும் 'வாக்கிங் இன் தி ரெயின்' பாட்டும் முதலில். ஸ்பீக்கரில், கொஞ்சம் சத்தமாக. அப்புறம் 1999-ல் ரமோன்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் பாடகர் ஜோயி ரமோன் தயாரித்த 'ஷி டாக்ஸ் டு ரெயின்போஸ்' என்ற சிறு தொகுப்பைத் தேடுங்கள். அன்றைக்கு ஸ்பெக்டர் வேண்டாம் என்ற 'டோன்ட் வொரி பேபி'யை அதில் ரோனி கடைசியில் பாடியிருக்கிறார். பெட்டிக்குள் பூட்டி வைத்த 'ஐ விஷ் ஐ நெவர் சா தி சன்ஷைன்' பாட்டையும் மறுபடி பாடியிருக்கிறார். 1965 பதிவையும் இதையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் மலை மாதிரி வாத்தியங்களுக்கு மேல் ஒரு சின்னப் பெண் ஏறி நின்று பாடுகிறாள். இரண்டாவதில் வாத்தியம் கொஞ்சம்தான், குரல் தடித்திருக்கிறது, கரகரக்கிறது, அந்த நடுக்கம் மட்டும் எங்கும் போகவில்லை.